வேன் எஞ்சின் மிஸ் அடிக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடித்தல்

கொழும்பில் சரக்கேற்றும் வேன் ஒன்றின் எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கினால், பலரும் முதலில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய், சிலிண்டருக்குள் பொறி உண்டாக்கும் பிளக் ஒரு செட் வாங்கி வருகிறார்கள். அது பலித்தால் நல்லது. பலிக்காவிட்டால் அடுத்து பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயில், அதற்கடுத்து எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், பிறகு எரிபொருள் பம்ப் என்று பணம் கரைகிறது. வேன் நின்ற நாட்களின் வருமானமும் அதோடு போய்விடுகிறது. இங்கே சொல்லப்படும் முறை அதற்கு நேர்மாறானது. எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, எந்த நிலைமையில் மிஸ் அடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியும் வரை எந்தப் பாகத்தையும் விலைக்கு வாங்குவதில்லை.

ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் காற்றும் எரிபொருளும் உரிய நேரத்தில் பற்றாமல் போவதை, அல்லது அரைகுறையாகப் பற்றுவதை, மிஸ் என்கிறோம். பெற்றோல் எஞ்சினில் அதற்குப் பொறி, எரிபொருள், காற்று, கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுதல்) ஆகிய நான்கில் ஒன்று கெட்டிருக்க வேண்டும். டீசல் எஞ்சினில் பொறி என்ற பேச்சே இல்லாததால் அதன் சோதனை வேறு வழியில் செல்கிறது. அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

ஹையேஸ், டவுன்ஏஸ், நிசான் கரவன், சுசுகி எவ்ரி போன்ற வேன்களில் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே, காற்றோட்டம் குறைந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும் வேனில் அந்தப் பெட்டிக்குள் தேங்கும் வெப்பம் கொயில்களையும் றப்பர் ஹோஸ்களையும் வயர் இணைப்புகளையும் காரில் இருப்பதைவிட விரைவாக வறட்டி உடைக்கிறது. கீழ்ப்புறம் பெரும்பாலும் திறந்திருப்பதால் மழைக்காலத்தில் சில்லுகள் வாரியடிக்கும் தண்ணீரும் மணலும் நேரே மேலே வருகின்றன. ஆகவே வேனில் வரும் மிஸ்ஸுக்கு வெப்பமும் ஈரமுமே முதல் சந்தேகநபர்கள்.

கை வைப்பதற்கு முன்

வேனைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்கு அடை கொடுத்த பின்னரே ஆசனத்தைத் தூக்க வேண்டும். தூக்கிய ஆசனம் தானாக விழாதபடி அதன் கம்பியைக் கொளுவிவிட்டீர்களா என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். எஞ்சின் ஓடும் நிலையில் சில சோதனைகள் செய்ய வேண்டியிருப்பதால் சாரத்துடனோ தொங்கும் சட்டையுடனோ பெல்ட் அருகே குனியக்கூடாது; வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை என்பதால் இந்த ஒரு விடயத்தில் நம்மவர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கிறார்கள். பொறி உண்டாக்கும் சுற்றில் 20,000 வோல்ற்றுக்கு மேல் மின்னழுத்தம் எழும். ஓடும் எஞ்சினில் பிளக் வயரைக் கையால் இழுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் ஆளுக்கும் ஆபத்து, எலெக்ட்ரோனிக் இக்னிஷனுக்கும் ஆபத்து.

கருவிகளில் பிளக் சொக்கெட், சிறு இடைவெளிகளை அளக்கும் பில்லர் கேஜ், மல்டிமீற்றர், கொம்பிரஷன் கேஜ், ஒரு குறியீடு வாசிக்கும் ஸ்கேனர் ஆகியவை இருந்தால் போதும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கு வந்த பழைய வேன்கள் மலிவான ஸ்கேனர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுண்டு. அப்படியான டொயோட்டாக்கள் பலவற்றில் ஸ்கேனரை மாட்டும் 16 முனை இணைப்பியின் 4ஆம், 13ஆம் முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்து, சாவியை ஓன் நிலைக்குத் திருப்பினால், செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்து குறியீட்டு எண்ணைக் காட்டும். அதே இணைப்பியின் 16ஆம் முனையில் பற்றரியின் நேர் மின்சாரம் எப்போதும் இருக்கிறது. எண்ணைத் தவறவிட்டு அதில் வயரை நுழைத்தால் கணினிப் பெட்டிக்கே கேடு வரலாம் என்பதால், எண்களைத் தெளிவாகப் பார்க்க முடியாதவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது நல்லது.

செக் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிகிறது

விளக்கு நிலையாக எரிந்தால் வேனை மெதுவாக வீடு வரை கொண்டுவரலாம். ஓடும்போது அது மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அக்ஸிலேற்றரைத் தளர்த்தி, ஓரமாக நிறுத்திவிடுங்கள். கொன்வேர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால், ஒரு கொயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். மேலும், காய்ந்த புல்லோ கடதாசிக் குப்பையோ உள்ள இடத்தின் மேல் அந்த வேனை நிறுத்தக்கூடாது.

எந்தச் சிலிண்டர்?

முழு வேலையிலும் அதிக நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். ஸ்கேனர் பதில் சொன்னால் பி0301 முதல் பி0304 வரையான குறியீடுகளின் கடைசி இலக்கமே சிலிண்டரின் எண். பி0300 என்று வந்தால் மிஸ் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. அப்போது தனிச் சிலிண்டரின் பிளக்கையோ கொயிலையோ தேடுவதை விட்டு, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான எரிபொருள் அழுத்தம், காற்றுக் கசிவு, பூமி இணைப்பு, பழைய எஞ்சின்களில் பொறி மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றுக்குப் போக வேண்டும்.

ஸ்கேனர் இல்லாவிட்டால், ஐட்லிங்கில் (அக்ஸிலேற்றரை மிதிக்காமல்) எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில விநாடிகள் கழற்றிப் பொருத்துங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றியதும் எஞ்சின் தடுமாறும். எந்த இணைப்பைக் கழற்றும்போது எஞ்சினின் ஓட்டத்தில் மாற்றமே தெரியவில்லையோ அதுவே குற்றவாளி. கொயிலின் சிறிய இணைப்பைக் கழற்றியும் இதைச் செய்யலாம். ஆனால் அப்போது பெற்றோல் தொடர்ந்து உள்ளே போகும் என்பதால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே மேல்.

மூன்றாவது வழியும் உண்டு. குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஒரு நிமிடத்துக்குள், புகை வெளியேறும் குழாய்கள் எஞ்சினுடன் சேரும் இடத்தை, தொடாமல் அளக்கும் வெப்பமானியால் அளந்தால், மிஸ் அடிக்கும் சிலிண்டரின் குழாய் மற்றவற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கொவிட் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நீட்டிய வெப்பமானி இதற்கு உதவாது; அது உடல் வெப்பத்தின் எல்லைக்குள் மட்டுமே அளக்கும்.

சிலிண்டர் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது இடமாற்றச் சோதனை. 2ஆம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கொயிலை 1ஆம் சிலிண்டருக்கும் அதன் பிளக்கை 3ஆம் சிலிண்டருக்கும் மாற்றி, அங்கிருந்தவற்றை 2ஆம் சிலிண்டருக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டாம். குறியீடுகளை அழித்துவிட்டு வேனை ஓட்டிப் பாருங்கள். மிஸ் 1ஆம் சிலிண்டருக்குப் போனால் கொயில், 3ஆம் சிலிண்டருக்குப் போனால் பிளக், 2இலேயே நின்றால் இன்ஜெக்டர், வயரிங் அல்லது கொம்பிரஷன். ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கும் இந்த விடை, எந்த அனுபவசாலியின் ஊகத்தையும்விட நம்பகமானது.

மழையிலும் ஈரத்திலும் மட்டும் மிஸ் அடிக்கிறது

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழையிலும் கொழும்பில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. இதில் குற்றவாளி பெரும்பாலும் உயர் மின்னழுத்தப் பகுதிதான். வறண்டு வெடித்த பிளக் வயரோ கொயிலின் றப்பர் மூடியோ காய்ந்த நாளில் சமாளித்துக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் பக்கத்திலிருக்கும் இரும்புக்குப் பாய்ந்துவிடும்.

இதை நேரிலேயே பார்க்கலாம். இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கையை எட்டவே வைத்துக்கொண்டு, வயர்களின் மேலும் கொயில் மூடிகளின் மேலும் தண்ணீரை மென்மையாகத் தூவினால், கசிவுள்ள இடத்தில் நீல நிறப் பொறி ஓடுவது தெரியும். பழைய வெனட், டவுன்ஏஸ் வகைகளில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். பென்சிலால் கீறியதுபோல் கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தால் மின்சாரம் தனக்கென ஒரு பாதை போட்டுக்கொண்டுவிட்டது என்று பொருள். அந்தக் கோட்டைச் சுரண்டித் துடைத்தாலும் அது திரும்ப வரும், ஆகவே மூடியை மாற்றத்தான் வேண்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் இதே கரிக்கோட்டைத் தேடுங்கள். பிளக்கில் கோடு இருந்தால் அதன்மேல் மாட்டியிருந்த றப்பர் மூடியின் உள்ளேயும் அதற்குச் சோடியாக ஒரு கோடு இருக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றாவிட்டால் பழையது புதியதை விரைவில் கெடுத்துவிடும்.

பிளக் வயர்களின் மின்தடையை மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். டொயோட்டாவின் பல பழைய எஞ்சின்களுக்கு ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் என்பதே மேல் எல்லை. ஒரு வயர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாக உயர்ந்து காட்டினால், அல்லது வயரை வளைக்கும்போது எண் துள்ளினால், செட்டாகவே மாற்றிவிடுங்கள்.

சேர்விஸ் நிலையத்தில் வேனைக் கழுவும்போது எஞ்சினையும் சேர்த்துக் கழுவச் சொல்வது நம்மிடையே உள்ள பழக்கம். உயர் அழுத்தத் தண்ணீர் பிளக் குழிகளுக்குள் இறங்கித் தேங்கினால், வேன் மறுநாள் காலையில் மூன்று சிலிண்டரில் ஓடும். அப்போது கொயில்களைக் கழற்றி, குழிகளைக் காற்றடித்து உலர்த்தி, மூடிகளின் உட்புறம் சிறிது சிலிக்கன் கிறீஸ் தடவிப் பொருத்தினாலே போதும். குழிக்குள் இருப்பது தண்ணீராக இல்லாமல் ஒயிலாக இருந்தால் கதை வேறு. எஞ்சினின் மேல்மூடியில் பிளக் குழாய்களைச் சுற்றியுள்ள சீல்கள் இறுகிப்போயிருக்கின்றன. அவற்றை மாற்றாமல் கொயிலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

கடற்கரையை ஒட்டி வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதிகளில் இரவில் வெளியே நிற்கும் வேன்களுக்கு உப்புக்காற்றின் தொல்லையும் சேர்கிறது. எஞ்சினிலிருந்து சட்டகத்துக்குப் போகும் பூமி வயரின் முனை பச்சை பூத்திருந்தால் கொயில்களுக்கும் சென்சர்களுக்கும் ஒழுங்கான மின்சாரம் போகாது. ஹெட்லைட்டையும் விசிறியையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சின் உடலுக்கும் பற்றரியின் எதிர் முனைக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் அந்த முனைகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வஸ்லீன் பூசி இறுக்குங்கள்.

சுமையோடு ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது

கொழும்பு பெரும்பாலும் தட்டையான நகரமாக இருப்பதால் இந்தக் கோளாறு பல நாட்கள் தலைகாட்டாமல் ஒளிந்திருக்கும். பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி மூட்டைகளை நிரப்பிக்கொண்டு களனிப் புதிய பாலத்தில் ஏறும்போதோ, கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்திலோதான் அது முதன்முதலில் தெரிய வரும். அக்ஸிலேற்றரை ஆழமாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூடப் பொறி பாய்வதற்கு அதிக வோல்ற் தேவைப்படுகிறது. தேய்ந்த பிளக்கும் பலவீனமான கொயிலும் இங்கேதான் தோற்றுப்போகின்றன.

பிளக்கைக் கழற்றுமுன் குழியைச் சுற்றியுள்ள மணலைக் காற்றடித்து அகற்றுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூடான அலுமினியத்தில் பிளக்கைத் திருகினால் எஞ்சினின் திருகுப்புரியும் சேர்ந்து வெளியே வரக்கூடும். கழற்றிய பிளக்குகளை எந்தச் சிலிண்டருடையது எது என்பது கலையாமல் வரிசையாக அடுக்குங்கள், ஏனென்றால் அவற்றின் நிறமே பாதி நோயைச் சொல்லிவிடும். இளம் பழுப்பும் சாம்பலும் நலமான நிறங்கள். உலர்ந்த கரி, எரிபொருள் மிகையாகப் போவதைக் காட்டும். ஈரமும் பிசுபிசுப்புமான கரி, ஒயில் உள்ளே வருவதைக் காட்டும். வெளுத்துக் கொப்பளித்த முனை, எரிபொருள் குறைந்து கலவை மெலிந்ததையோ எஞ்சின் மிகையாகச் சூடானதையோ காட்டும். மூன்று பிளக்குகள் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்தாற்போல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அந்தச் சிலிண்டருக்குள் ரேடியேற்றர் தண்ணீர் போகிறது.

முனைகளின் இடைவெளியை பில்லர் கேஜால் அளக்க வேண்டும். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளின் எண்ணின் இறுதியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் என்று பொருள். வெப்பத் தரத்துக்கான எண்கள் இரண்டு கம்பனிகளிலும் வெவ்வேறானவை: என்.ஜி.கே.யின் 5, 6, 7 ஆகியவை முறையே டென்சோவின் 16, 20, 22 ஆகியவற்றுக்குச் சமம். கடைக்காரர் “அதுவும் இதுவும் ஒன்றுதான்” என்று வேறு எண்ணை நீட்டும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

புதிய பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகிவிட்டு, அதன் வளையம் எஞ்சின் தலையில் பட்ட பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். முன்பு பாவித்த பிளக்கை மீண்டும் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றுதான். கை வலிமையைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

பிளக்கும் கொயிலும் தேர்வில் தேறினால், எரிபொருள் போதுமான அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் உள்ள பெற்றோல் வேன்களில் அழுத்தம் பெரும்பாலும் 3 பாரை (பார் என்பது அழுத்த அலகு) ஒட்டியிருக்கும். ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகம் கூட்டும்போது விழுந்தால் அடைத்த பில்டர் அல்லது களைத்த பம்ப். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவு (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் வீதம்) தெரியுமானால் அது இன்னும் எளிது: சுமையில் திருத்தம் 10 வீதத்துக்கு மேல் கூடினால் எரிபொருள் வரத்தையோ காற்றளவுச் சென்சரையோ சந்தேகியுங்கள்.

ஐட்லிங்கில் நடுங்குகிறது, வேகம் கூட்டினால் சரியாகிறது

இது காற்றுக் கசிவின் அடையாளம். ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று சிறிது. அதில் கணக்கில் வராத காற்று கொஞ்சம் புகுந்தாலே கலவை மெலிந்து பற்றாமல் போகும். அதிக வேகத்தில் அதே கசிவு பெரிதாகத் தெரியாது. ஸ்கேனரில் கலவை மெலிந்ததைக் குறிக்கும் பி0171 இருந்து, ஐட்லிங்கில் உயர்ந்து நின்ற எரிபொருள் திருத்தம் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வழமைக்குத் திரும்பினால், சந்தேகமே இல்லாமல் கசிவைத் தேடலாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், மேல்மூடியிலிருந்து வரும் மூச்சு ஹோஸ், இன்டேக் மனிபோல்ட் காஸ்கட் ஆகிய மூன்று இடங்களும் முதலில் பார்க்கத் தக்கவை. ஹோஸ்களை விரலால் நசுக்கியபடி சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். காபரேற்றர் கிளீனரைத் தூவிப் பார்க்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஆசனத்தடியில், சூடான சைலன்சர் குழாயை ஒட்டி அதைச் செய்வது நெருப்போடு விளையாடுவது. கசிவுள்ள இடத்தில் தண்ணீரைத் தூவினாலும் சில விநாடிகளுக்கு ஓட்டம் மாறும் என்பதால் நான் அதையே சொல்வேன்.

சூடேறிய பிறகு மட்டும் இந்த நடுக்கம் வந்தால், வால்வு இடைவெளி இறுகியிருக்கக்கூடும். சூட்டில் வால்வு நீண்டு, முழுமையாக மூட முடியாமல் போகிறது. இதைத் தள்ளிப்போட்டால் வால்வு கருகும்.

காலையில் ஒரு நிமிடம் மட்டும் மிஸ் அடித்து, பின்னர் தெளிகிறது

ரேடியேற்றர் தண்ணீர் அடிக்கடி குறைகிறதா என்பதே இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒருமுறை மிகையாகச் சூடான எஞ்சினில், அதன் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கட் மெல்லக் கசியும். இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கிய தண்ணீரால் காலையில் அந்தச் சிலிண்டர் பற்றாது, வெள்ளை ஆவி வரும், ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். தண்ணீர் குறையவில்லை என்றால், இரவில் அழுத்தம் விட்டுப்போகும் பம்பையும் சொட்டும் இன்ஜெக்டரையும் பாருங்கள். சாவியை ஓன் நிலைக்கு இரண்டு மூன்று முறை திருப்பி மூடிவிட்டு இயக்கும்போது மிஸ் வராவிட்டால் எரிபொருள் அழுத்தமே காரணம்.

சூடேறியதும் திடீரென வெட்டி, ஆறியதும் ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது

இது கொயிலாகவோ, எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சராகவோ இருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டால் கொயில். முழு எஞ்சினும் ஒரே கணத்தில் செத்து, அதே கணத்தில் சுற்றுமானி பூச்சியத்துக்கு விழுந்தால் சென்சர். பி0335 குறியீடு இதை உறுதிப்படுத்தும். நெரிசலில் நின்றுபோன வேனைத் தள்ளி ஓரங்கட்டி, அரை மணித்தியாலம் கழித்து அது தானாக இயங்கியதும் மறந்துவிடுவது சரியல்ல. அடுத்த முறை அது மேம்பாலத்தின் நடுவில் நிற்கும்.

எரிபொருள் நிரப்பிய உடனேயே தொடங்கியது

தண்ணீர் கலந்த பெற்றோலாக இருக்கலாம். பில்டருக்கு முன்னுள்ள குழாயிலிருந்து கண்ணாடிப் போத்தலில் சிறிது பிடித்து வைத்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். வெள்ளத்தில் நின்ற வேன்களில் டாங்கியின் காற்றுக் குழாய் வழியாகவும் தண்ணீர் ஏறியிருக்கக்கூடும். டாங்கியை முற்றாக வடித்துக் கழுவுவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. டீசல் வேனுக்குப் பெற்றோல் அடித்துவிட்டதாகத் தெரிந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம்; எரிபொருளே மசகாக இருக்கும் அந்தப் பம்ப் சிறிது நேரத்தில் கீறுபட்டுவிடும்.

எல்லா நேரமும், எல்லா வேகத்திலும் ஒரே சிலிண்டர்

இடமாற்றச் சோதனையில் மிஸ் நகராமல் நின்றுவிட்டால், முதலில் இன்ஜெக்டர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடலில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் மற்றவற்றைப்போல ‘டிக் டிக்’ என்று கேட்க வேண்டும். மின்தடை பெரும்பாலான இன்ஜெக்டர்களில் 12 முதல் 14 ஓம் அளவில் இருக்கும். இவை சரியானால் கொம்பிரஷன் கேஜை எடுக்க வேண்டியதுதான்.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் பொறியையும் துண்டித்து, அக்ஸிலேற்றரை முழுமையாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றுங்கள். பெற்றோல் எஞ்சினில் 10 முதல் 13 பார் வரை வரலாம். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே முக்கியம். 1 பாருக்கு மேல் வேறுபட்டால் சிக்கல் இருக்கிறது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளங்கள். எண் ஏறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே ஹெட் காஸ்கட் போய்விட்டது. இந்த எல்லையைத் தாண்டிய வேலை வீட்டு முற்றத்துக்கு உரியதல்ல; ஆனால் இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போகிறவரிடம் தேவையற்ற வேலைகளைக் கட்டிவிடுவது யாருக்கும் கடினம்.

டீசல் வேன்கள்

டொல்பின் ஹையேஸ், டவுன்ஏஸ் லொட்டோ போன்றவற்றின் பழைய டீசல் எஞ்சின்களையும், கே.டி.எச். ஹையேஸ் போன்ற கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் கொண்ட) எஞ்சின்களையும் ஒரே கையால் தொடக்கூடாது. பழைய பம்ப் முறையில், ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் துணி சுற்றிச் சிறிது தளர்த்தி, எஞ்சின் தடுமாறாத சிலிண்டரைக் கண்டுபிடிக்கலாம். கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். கொமன் ரெயிலில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். மயிரிழைத் துளியும் தோலைத் துளைத்து உள்ளே போகும், அதற்கு அறுவைச் சிகிச்சைதான் மருந்து.

இருவகைக்கும் பொதுவான முதல் வேலை, பில்டரின் அடியிலுள்ள தண்ணீரை வடிப்பது. அடுத்தது காற்று: பில்டருக்கும் பம்புக்கும் இடையில் தற்காலிகமாக ஒளிபுகும் ஹோஸ் ஒன்றைப் போட்டால் குமிழிகள் ஓடுவது தெரியும். வெடித்த ஹோஸும், ஒழுங்காகப் பதியாத பில்டர் வளையமுமே பெரும்பாலும் காரணம்.

காலையில் வெள்ளைப் புகையோடு மிஸ் அடித்து, கண் எரியும் டீசல் வாடை வந்தால், இயக்குமுன் எஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள். முன்னறை கொண்ட பழைய எஞ்சின்களுக்குக் கொழும்பின் வெப்பத்திலும் அது தேவை. கே.டி.எச். வகை எஞ்சின்கள் இங்கே செத்த ஹீற்றர் பிளக்கோடும் மாதக்கணக்காக இயங்கிவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஓர் இரவு நிறுத்தினால் மறுநாள் காலை உண்மை வெளிவரும்.

கொமன் ரெயிலில் தனிச் சிலிண்டர் மிஸ்ஸுக்கு இன்ஜெக்டரே முதல் சந்தேகம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் திரும்பும் மீள்வழிக் குழாயையும் தனித்தனிப் போத்தலில் விட்டு, ஐட்லிங்கில் சில நிமிடங்கள் ஓடவிட்டால், அதிகம் நிரம்பும் போத்தலுக்குரிய இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. மாற்றும்போது அடியிலுள்ள செப்பு வளையத்தைப் புதிதாகவே போட வேண்டும். பழையதைப் போட்டால் அங்கே சிலிண்டரின் எரிந்த வாயு கசிந்து, கரி ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்து, எஞ்சினையே கொண்டுபோய்விடும். புதிய இன்ஜெக்டரின் உடலில் அச்சிட்ட குறியீட்டைக் கணினியில் பதியவும் வேண்டும். பதியாமல் விட்டால் நல்ல இன்ஜெக்டரும் மிஸ் அடிப்பதுபோலவே ஓடும். கொம்பிரஷன் பழைய டீசலில் 30 பார் அளவில் இருக்க வேண்டும், 20க்குக் கீழே போனால் எஞ்சின் களைத்துவிட்டது. பெற்றோல் எஞ்சினுக்கான கேஜை இதில் மாட்டினால் கேஜ் உடையும்.

புதிய பாகம் போட்ட பின்னும் நிற்கவில்லை

பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். டொயோட்டாவின் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பொறி 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில் போகிறது. அது சரியென்றால் வாங்கிய பொருளைச் சந்தேகியுங்கள். போலிப் பிளக்குகள் எல்லாச் சந்தைகளிலும் நடமாடுகின்றன. எண்ணில் ஆர் எழுத்துள்ள, மின்தடை கொண்ட பிளக்கின் தலைக்கும் நடு முனைக்கும் இடையில் அளந்தால் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும்; பூச்சியமோ முடிவிலியோ காட்டினால் அது போலி அல்லது பழுது. ரீகண்டிஷன் கொயில் வாங்குவதாக இருந்தால், ஒன்றுக்கு இரண்டாக வாங்காமல் ஒன்றை வாங்கி, மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்வதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

திருத்தம் முடிந்ததும் குறியீடுகளை அழித்து, சுமையோடு ஒருமுறை பாலம் ஏறி இறங்கி, மீண்டும் வாசித்துப் பாருங்கள். பல நாட்கள் மிஸ்ஸோடு ஓடிய பெற்றோல் வேனில் ஒயில் கம்பியை முகர்ந்தால் பெற்றோல் வாடை வரும். வந்தால் ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால், இந்த ஒயில் மாற்றத்தை முடித்து, வேனை நன்கு ஓட்டிச் சூடாக்கிய பிறகே புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.